மை இன்னும் காயவில்லை

குடிகாரரை மன்னித்துவிடலாம். தான் குடித்ததன் நிறத்தை உங்களிடம் காட்டி, கொஞ்சம் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்களேன் என்று அவர் கெஞ்சமாட்டார். மைப்பித்தர் கெஞ்சுவார்.

மைப்பித்தர் என்றதும் எழுத்தாளரை நினைத்துக்கொள்ளாதீர்கள். எழுத்தாளருக்கு எழுத விஷயம் இருக்கும், அல்லது இருப்பதாக அவர் நம்பிக்கொண்டிருப்பார். பேனா கிடைக்காவிட்டால் பென்சில், பென்சில் கிடைக்காவிட்டால் கரித்துண்டு என்று எதையாவது வைத்து எழுதி நம் தலையில் கட்டிவிடுவார். மைப்பித்தர் சாது. அவர் வீட்டில் நாற்பது புட்டி மை இருக்கும், பதினோரு பேனா இருக்கும், வெண்ணெய் நிறத்தில் வழவழவென்று தாள் கட்டுக்கட்டாக இருக்கும், தாளுக்கு அடியில் வைக்க ஒரு தோல் விரிப்பும் மேலே ஒற்ற ஒற்றுத்தாளும் இருக்கும். எழுத ஒன்றும் இருக்காது.

இவரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? சுலபம். வலது கை நடுவிரலில், நகத்துக்குப் பக்கத்தில், ஆறாத காயம் மாதிரி ஒரு கறை. அது போய்விட்டால் அவருக்குத் தூக்கம் வராது. வங்கியில் படிவம் நிரப்பும் இடத்தில், நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பேனாவை அவர் தொடமாட்டார். "என்கிட்ட இருக்கு" என்று சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து, மூடியைத் திருகித் திருகித் திறந்து, நிப்பை ஒரு தடவை ஆகாயத்துக்குக் காட்டி, தன் பெயரை எழுதிவிட்டு, அது காயும் வரை படிவத்தை விசிறிக்கொண்டு நிற்பார். அவருக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் நிற்பார்கள். அவர்களும் காய்வார்கள்.

தப்பித்தவறி நீங்கள் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டீர்கள் என்று வையுங்கள். "நீலம் நல்லா இருக்கே." அவ்வளவுதான். தன் பெண்ணை அடுத்த வீட்டுப் பெண்ணின் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல உங்களைப் பார்ப்பார்.

"நீலம் இல்லீங்க. சாய்ச்சுப் பாருங்க. ஓரத்துல சிவப்பு தெரியுதா?"

தெரியாது. தெரிகிறது என்று சொல்லுவீர்கள். நீங்கள் தாலி கட்டிய மனைவியிடம்கூட இத்தனை சீக்கிரம் பொய் சொல்லியிருக்கமாட்டீர்கள். அந்தப் பொய்யில்தான் உங்கள் நட்பு ஆரம்பமாகும்.

இந்த வகையில் ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார். என் அக்காவின் கணவர், எனக்கு அத்தான். பேருந்துப் பணிமனையில் கால அட்டவணைப் பிரிவுக்குத் தலைவர். எந்த வண்டி எந்த நிமிஷத்தில் எந்த வாசல் வழியாக வெளியேற வேண்டும், எந்த ஓட்டுநர் எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். நிமிஷத்தைக் கரைத்துக் குடித்தவர். அவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வீட்டுக் கடிகாரத்தைத்தான் முதலில் குசலம் விசாரிப்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு இருபத்தைந்து வருஷ சேவைக்காக அலுவலகத்தில் ஒரு மைப் பேனாவைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஒரு கடிகாரத்தைக் கொடுத்துத் தொலைத்திருக்கலாம்.

பேனாவுக்கு மை வேண்டுமே என்று பணிமனைக்கு எதிரில் இருந்த எழுதுபொருள் கடைக்குப் போனார். கடைக்கார அம்மா அதிகம் பேசாதவர். சாதா நீலம் தீர்ந்துபோயிருந்தது. அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, சதுரமாக, கனமாக, வாசனைத் திரவியப் புட்டி மாதிரி ஒன்றை எடுத்து, அதில் ஒரு கண்ணாடிக் குச்சியை முக்கி, வெள்ளைத் தாளில் ஒரு கோடு இழுத்துவிட்டு, வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இந்த ஊரில் அதைவிடப் பெரிய விற்பனை சாமர்த்தியத்தை நான் கண்டதில்லை. அத்தான் கோட்டைப் பார்த்தார். ஈரமாக இருக்கும்போது கறுப்பு. மெதுவாக உள்ளிருந்து ஒரு ஊதா எழுந்து வந்தது, கத்தரிப் பூவின் ஊதா. பிறகு அதற்குள் மாதுளை முத்து உடைந்த மாதிரி ஒரு சிவப்பு. கோடு முடிந்த இடத்தில் மை தேங்கி நின்றதே, அங்கே மட்டும் பொன்வண்டின் முதுகு போல ஒரு பச்சைப் பளபளப்பு. இத்தனையும் ஒரு கோட்டில். அது முழுதாகக் காய்கிறவரை அவர் அங்கேயே நின்றார். மாலை ஆறு இருபதுக்கு அவரே நேரம் குறித்த வண்டியை அன்று அவரே தவறவிட்டார்.

கேலி செய்ய வந்தவன் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த மையில் எழுதுவது சுகம். நானே ஒருமுறை எழுதிப் பார்த்தேன். பால் பாயிண்ட் பேனா தாளை உழும். இது தாளின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். கையை அழுத்த வேண்டாம். எழுத்துக்கு உடம்பு வந்துவிடும்: மேலே ஏறும்போது மெலிந்து, வளையும்போது தடித்து, சுழியில் தேங்கி. குறிப்பாக ழகரம். அதன் வாலைச் சுழற்றி முடிக்கிற இடத்தில் மை ஒரு துளி அதிகம் இறங்கும். அங்கேதான் அந்தப் பச்சை மின்னும். இதற்காகவே அத்தான் ழகரம் வருகிற வார்த்தைகளாகத் தேடித் தேடி எழுதுவார். அவருடைய நோட்டுப் புத்தகங்களைத் திறந்தால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மழை, கிழமை, விழா, ஏழு, எழுபது, எழுநூறு. யாராவது பின்னாளில் ஆராய்ச்சி செய்தால் இவர் ஏதோ ரகசியச் சங்கத்தில் இருந்ததாக எழுதிவிடுவார்கள்.

சுகம் இப்படி என்றால் சங்கடம் எப்படி? முதலில் வாஷ் பேசின். பேனாவைக் கழுவுகிற இடம் அது. வெள்ளைப் பேசின் முதல் மாதம் இளஞ்சிவப்பாகி, மூன்றாம் மாதம் யாரையோ அதில் வெட்டிக் கழுவியது போல ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்த குழாய் ரிப்பேர்க்காரர் அதைப் பார்த்துவிட்டு அக்காவிடம் தாழ்ந்த குரலில், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தார். பிறகு சட்டைகள். பிறகு ஒரு தலையணை உறை; படுக்கையில் சாய்ந்தபடி பேனா மூடியைத் திறந்து நிப்பை ரசித்துக்கொண்டிருந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். அக்கா கறையெல்லாம் போக்கிப் பார்த்து, தோற்று, கடைசியில் வீட்டிலிருந்த வெள்ளைத் துணிகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடர்ந்த நிறங்களுக்கு மாற்றினாள். ஒரு போரில் பின்வாங்குகிறவர்கள்கூட இத்தனை ஒழுங்காகப் பின்வாங்கியிருக்கமாட்டார்கள்.

அலுவலகத்திலும் கெட்ட பெயர். மழைக்காலத்தில் ஒருநாள், அதிகாலை வண்டிகளின் நேர மாற்றத்தை அத்தான் தன் கைப்பட அந்த ஊதாவில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். சாரல் அடித்தது. தண்ணீர் பட்டால் கரைந்துபோவது அந்த மையின் பல நற்குணங்களில் ஒன்று. காலையில் ஓட்டுநர்கள் வந்து பார்த்தபோது பலகையில் நேரங்கள் இல்லை. சூரிய அஸ்தமனம் ஒன்று இருந்தது. ஐந்து பத்தா, ஐந்து ஐம்பதா என்று தெரியாமல் நாலு வண்டி ஒரே நேரத்தில் ஒரே வாசலில் வந்து நின்றன. மேலாளர் அத்தானைக் கூப்பிட்டு, இனிமேல் பணிமனைக் காகிதங்களில் கறுப்பு பால் பாயிண்ட் தவிர வேறு எதுவும் தெரியக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். அத்தான் வருத்தப்பட்டார். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? வழிந்தபோது அந்த ஊதா எப்படிப் பிரிந்து இளஞ்சிவப்பாகவும் நீலமாகவும் போனது என்பதை நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று.

அலுவலகக் கதவு அடைத்தபின் அவருக்கு எழுத எதுவுமே மிஞ்சவில்லை. மளிகைப் பட்டியலை எழுதித் தருகிறேன் என்று அக்காவிடம் கேட்பார். அவள் உப்பு, சோப்பு, நெருப்புப்பெட்டி என்பாள். அவர் ழகரம் இருக்கிற சாமான் ஏதாவது வேண்டாமா என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு கடிதம் வந்தது.

அத்தானுக்கு ஓர் அண்ணன் உண்டு. பேருந்தில் போனால் மூன்று மணி நேரத் தொலைவில் இன்னோர் ஊரில் தையல் கடை வைத்திருந்தவர். ஏழு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவர்கள் அப்பா அண்ணன் ஊர் மருத்துவமனையில் கிடந்த கடைசி வாரத்தில், பகலெல்லாம் கடையைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் ஓடி வந்த அண்ணனைப் பார்த்து, நடைபாதையில், உறவுக்காரர்கள் பத்துப் பேர் முன்னிலையில், அத்தான் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டார்: "நீ அப்பாவைப் பார்க்க வரல, வந்ததைக் காட்டிக்க வந்திருக்க." அண்ணன் அப்பாவின் கடைசிக் காரியங்கள் முடிகிறவரை இருந்தார், செய்ய வேண்டியதைச் செய்தார், போனார். அதோடு சரி. அந்த வாக்கியம் தவறு என்று அத்தானுக்கு அன்று மாலையே தெரியும். அப்பாவின் மருந்துச் சீட்டுகளை எல்லாம் தேதிவாரியாக ஒரு நூலில் கோத்து வைத்திருந்தது அண்ணன்தான். தெரிந்து என்ன செய்வது? ஏழு வருஷம் போனதே தெரியவில்லை.

வந்த கடிதம் ஒரு பழைய ரசீதுத் தாளின் பின்பக்கத்தில் இருந்தது. பால் பாயிண்ட். எழுத்துகள் கோட்டை விட்டு மேலும் கீழுமாக அலைந்தன. சாம்பல் நிறத் துணிக்குப் பச்சை நூல் போட்டுத் தைத்துக் கொடுத்துவிட்டாராம்; வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிந்ததாம்; டாக்டர் இரண்டு கண்ணிலும் புரை என்கிறாராம்; அடுத்த மாதம் இருபதாம் தேதி முதல் கண்ணுக்கு அறுவை. கடைசியில் ஒரு வரி: அதற்குள் உன்னை ஒரு தடவை பார்த்துவிட்டால் தேவலை, முடியாவிட்டால் இரண்டு வரி எழுது.

அத்தான் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் அப்போது அங்கே இருந்தேன். கண் கலங்கியிருந்தது. வெகுநேரம் கழித்து எழுந்து நின்று, இப்போதே பதில் எழுதுகிறேன் என்றார். அக்காவின் முகம் மலர்ந்தது. அவர் நேராக அலமாரிக்குப் போய், நாற்பது புட்டிகளையும் எடுத்து மேஜை மேல் வரிசையாக வைத்தார். அக்காவின் முகம் பழைய நிலைமைக்கு வந்தது.

போனில் பேசினால் என்ன என்று நான் கேட்டேன். போனில் பேசினால் முதல் வார்த்தையே பழைய சண்டையாக வந்துவிடும், கடிதம் என்றால் யோசித்து எழுதலாம் என்றார். சரியான பேச்சுதான். யோசித்தார். ஊதா கொண்டாட்டமாகத் தெரிகிறது, ஒரு நோயாளிக்கு அதில் எழுதலாமா? கறுப்பு துக்கத்துக்கு. சிவப்பு கோபத்துக்கு. பச்சையில் எழுதினால் அந்த நூல் விஷயத்தைக் குத்திக் காட்டுவது போல ஆகிவிடாதா? முதல் வாரம் இதில் போயிற்று. இரண்டாவது வாரம் பழுப்பில் ஒரு பக்கம் எழுதி, ஆறிப்போன காப்பி மாதிரி இருக்கிறது என்று கிழித்தார். மயில்கழுத்து நிறத்தில் ஒரு பக்கம் எழுதினார், அழகாக வந்தது, அழகாக வந்ததாலேயே அந்தத் தாளைக் கிழித்தெடுக்க மனமில்லாமல் நோட்டுப் புத்தகத்திலேயே வைத்துக்கொண்டார். வண்டி இரண்டு நிமிஷம் தாமதம் என்றால் ஓட்டுநரிடம் எழுத்து மூலமாக விளக்கம் கேட்கிற மனிதர், சொந்த அண்ணனுக்கு இரண்டு வரி எழுத இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார்.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அக்கா சிரிக்கவில்லை. ஒருநாள் அவள் துணி மடித்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏங்க, உங்களுக்கு மை கிடைக்கலியா, வார்த்தை கிடைக்கலியா?"

அத்தான் கையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் அப்போதுதான் விளங்கியது. அத்தனை புட்டிகளையும் அவர் திறந்து திறந்து பார்த்தது, எந்த நிறத்தில் எழுதினாலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு மன்னிப்புக் கேட்டாக வேண்டுமே என்ற பயத்தில். மையைத் தேடுகிற வரைக்கும் அதை எழுத வேண்டியதில்லை.

மூன்றாவது வாரம் அக்கா தானே ஒரு காரியம் செய்தாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில், மளிகைக்காரர் கொடுத்த இலவசப் பேனாவால், "ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறோம். உங்கள் தம்பி நன்றாக இருக்கிறார்" என்று எழுதி, உறையில் போட்டு, அன்றே தபாலில் சேர்த்துவிட்டாள். எழுதி, மடித்து, ஒட்ட அவளுக்கு எடுத்தது நான்கு நிமிஷம். வேறொரு குடும்பத்தில் பிறந்திருந்தால் அவள் பணிமனையை நடத்தியிருப்பாள். சனிக்கிழமை மாலையில்தான் கணவரிடம் சொன்னாள்.

அத்தான் பதறினார். கடிதம் இன்னும் முடியவில்லையே என்றார். கையில் கொண்டு வாருங்கள் என்றாள். அதற்குள் அவர் நிறத்தையும் முடிவு செய்திருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும்: பழைய ஊதாவேதான், முதல் புட்டி, முதல் காதல். நான்கு பக்கம் நிரம்பியிருந்தது. இன்னும் ஈரம். இரண்டு அட்டைகளுக்கு நடுவில் ஒற்றுத்தாள் கொடுத்து அதை மடியில் கிடத்திக்கொண்டு, மூன்று மணி நேரம், முழங்காலை அசைக்காமல் பேருந்தில் உட்கார்ந்து வந்தார். துணைக்கு நானும் போயிருந்தேன். வழியில் ஒரு தடவைகூட, வண்டி நேரத்துக்குப் போகிறதா என்று அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அண்ணன் வீட்டு முன்னறையில்தான் தையல் இயந்திரம் இருந்தது. உறை போட்டு மூடியிருந்தது. கதவைத் திறந்தவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகக் கிட்டத்தில் வந்து பார்த்து, தம்பியின் முகம் வந்ததும் நின்றார்.

"இளைச்சுட்டியே" என்றார்.

"உனக்குக் கண்ணு சரியில்ல" என்றார் அத்தான்.

உட்கார்ந்தோம். அண்ணி தண்ணீர் கொண்டுவந்தார். வழி எப்படி இருந்தது, வண்டி நேரத்துக்கு வந்ததா என்று பேசினோம். பேசக்கூடியதெல்லாம் பத்து நிமிஷத்தில் தீர்ந்துபோயிற்று. பிறகு அந்த அறையில் ஏழு வருஷம் வந்து உட்கார்ந்தது. அத்தான் அட்டைகளைப் பிரித்து நான்கு தாள்களையும் எடுத்து அண்ணனிடம் நீட்டினார். நடுவிரலில் கறை அப்படியே இருந்தது.

அண்ணன் தாளை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார். ஒரு தையற்காரர் துணியைத் தடவுவது போலத் தாளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, நல்ல காகிதம் என்றார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் புகையா இருக்கு. நீயே படி."

இதை அத்தான் எதிர்பார்க்கவில்லை. மைப்பித்தரின் உலகத்தில் எழுத்து என்பது பார்ப்பதற்கு; அதை யாராவது வாய்விட்டுப் படிப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். முதல் பக்கம் முழுக்க மழை. மழை பெய்தது, மழை ஓய்ந்தது, ஏழு நாள் கழித்து மறுபடி மழை. எனக்குக் காரணம் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது, அவர் கவலையோடு, அங்கே அவ்வளவு வெள்ளமா என்று கேட்டார். இரண்டாவது பக்கத்தில் உடல்நலம் விசாரிப்பு. மூன்றாவது பக்கத்தில், இந்தக் கடிதத்தை எழுதியிருக்கும் மையைப் பற்றி விரிவாக ஒரு குறிப்பு. கண் தெரியாத மனிதரிடம் அதைப் படிக்க நேர்ந்தபோது அத்தானின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஓர் இடத்தில் நின்றுபோயிற்று. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோதானா?" என்றார் அண்ணன்.

"இல்ல. இன்னும் இருக்கு."

நான்காவது பக்கத்தை எடுத்தார். தாளையே பார்த்தபடி, ஒவ்வொரு வார்த்தையாக, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி சொன்னார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீ தினமும் வந்தது அப்பாவுக்காகத்தான். எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கல."

நான் அவருக்கு இந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் கையிலிருந்த தாள் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதில் அப்படி ஒரு வரியும் இல்லை. கிழமைகளைப் பற்றி ஏதோ இருந்தது.

அண்ணன் மூடி வைத்த தையல் இயந்திரத்தின் உறையில் இல்லாத தூசியைத் தட்டினார். நானும்தான் ஒரு கடிதம் போட்டிருக்கலாம், என்றார் கடைசியில். கண்ணு போற வரைக்கும் காத்திருந்தேன் பாரு. பிறகு அண்ணியைக் கூப்பிட்டு, இவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள் என்று சொன்னார். சாயங்காலம் வரை இருந்தோம். அண்ணனும் தம்பியும் வாசலில் நின்று, சின்ன வயதில் யார் யாருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு போய் மாட்டிக்கொண்டார்கள் என்பது பற்றி ஒரு மணி நேரம் வாதாடினார்கள். கடிதம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

இதோடு கதை முடிந்திருந்தால், அத்தான் திருந்தினார், புட்டிகளைக் கடையில் திருப்பிக் கொடுத்தார், உண்மையான அன்புக்கு மை தேவையில்லை என்று உணர்ந்தார் என்று நான் எழுதிவிட்டுப் போயிருப்பேன். நீங்களும் மனம் நெகிழ்ந்திருப்பீர்கள். ஆனால் மனிதர்கள் நம் வசதிக்காகத் திருந்துவதில்லை.

இருபதாம் தேதி அறுவை நடந்தது. நல்லபடியாக முடிந்தது. நாலாம் நாள் அண்ணனிடமிருந்து போன்.

விஷயம் என்னவென்றால், புரை விழுந்த கண் எல்லாவற்றையும் பழைய காகிதத்தின் மஞ்சளில் காட்டிக்கொண்டிருக்குமாம். மெல்ல மெல்ல ஆகிற மாற்றம் என்பதால் ஆளுக்குத் தெரியாதாம். புரையை எடுத்ததும் நீலமும் ஊதாவும்தான் முதலில் திரும்பி வருமாம், அதுவும் முன்பு பார்த்திராத தினுசில். அண்ணன் கட்டைப் பிரித்த மறுநாள், மேஜை மேல் கிடந்த தம்பியின் கடிதத்தை எதேச்சையாக எடுத்திருக்கிறார். ஜன்னல் பக்கம் திருப்பியிருக்கிறார். அறுவை ஆன கண்ணை மூடிப் பார்த்தால் துருப்பிடித்த தகரம். அந்தக் கண்ணைத் திறந்து மறு கண்ணை மூடினால் கத்தரிப் பூ, மாதுளை, பொன்வண்டு. நாற்பது வருஷம் நூல்கண்டு பார்த்து நிறம் சேர்த்த கண் அது. காலையில் ஆரம்பித்து மத்தியானம் வரை, இந்தக் கண்ணும் அந்தக் கண்ணுமாக மாற்றி மாற்றிச் சிமிட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, அண்ணி டாக்டருக்குப் போன் செய்துவிட்டார்.

"நாலு பக்கமும் படிச்சேன்" என்றாராம் அண்ணன் போனில். "நீ படிச்ச அந்த வரியைக் காணோமே."

அத்தான் போனை மறு காதுக்கு மாற்றிப் பிடித்திருக்கிறார்.

"போகட்டும், அதை இதுல எழுதியிருந்தா இந்நேரமும் காஞ்சிருக்காது. சுழியில ஒரு பச்சை அடிக்குதே, அது வேணும்னு வருதா, தானா வருதா?"

தொலைந்தது. அடுத்த வாரமே அத்தான் ஒரு பேனாவையும் மூன்று புட்டிகளையும் பஞ்சில் சுற்றி அனுப்பிவைத்தார். இப்போது வாரம் ஒரு கடிதம் போகிறது, ஒரு கடிதம் வருகிறது. ஏழு வருஷ மௌனத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் என்னதான் எழுதிக்கொள்கிறார்கள் என்று நான் ஆவலோடு ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். இங்கே மழை. அங்கே மழையா? எழுபத்தேழு. விழா. அண்ணி அக்காவுக்குப் போன் செய்து, தைக்கக் கொடுத்த ஒரு வெள்ளைத் துணியில் கறை பட்டுவிட்டது, என்ன போட்டுத் துவைப்பது என்று கேட்டாராம். அக்கா அனுபவசாலி. துணியை மாற்றச் சொல்லிவிட்டாள்.

இதையெல்லாம் படித்துச் சிரித்துவிட்டு, நமக்கு இந்த வம்பு இல்லை, நம்மிடம் மைப் பேனாவே கிடையாது என்று நீங்கள் எழுந்து போகலாம். தாராளமாக. போகிறதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. போன வருஷம் ஆசையாக வாங்கிய அந்தத் தடித்த நோட்டுப் புத்தகம், முதல் பக்கத்தில் உருப்படியாக ஏதாவது எழுத வேண்டும் என்று இன்னும் வெறுமையாகவே இருக்கிறதே, அது எந்த அலமாரியில் இருக்கிறது? இன்னாருக்கு இரண்டு வரி எழுத வேண்டும், ஆனால் சாவகாசமாக, நல்ல மனநிலையில், நல்ல காகிதத்தில் எழுத வேண்டும் என்று எத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

கோபப்படாதீர்கள். சோதனை இன்னும் சுலபமானது. அந்த ஊதாவின் பெயரை நான் கடைசி வரை சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனித்திருந்தால், அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒரு கணம் மனதுக்குள் கேட்டிருந்தால், முதல் வேலையாக உங்கள் வீட்டு வெள்ளைத் தலையணை உறைகளை எடுத்து வைத்துவிடுங்கள்.